பாட்டிலை விடுங்கள், டிரெயின் நட்டைக் கழற்றுங்கள்



‘பழைய காரின் எஞ்சினைக் காப்பது ஆயிலில் கலக்கும் ஆடிட்டிவ் பாட்டிலா, காலம் தவறாத ஆயில் மாற்றமா?’ என்பது இன்றைய பட்டிமன்றத் தலைப்பு. ஆயில் மாற்றமே என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

நடுவர் அவர்களே, எந்த வண்டிகளைப் பற்றிப் பேசுகிறோம்? மாருதி 800 உற்பத்தி நின்றது 2014இல். அம்பாசடர் உற்பத்தி நின்றதும் அதே ஆண்டில்தான். இன்று ரோட்டில் ஓடும் இந்த வண்டிகளில் கடைக்குட்டிக்கே பத்து வயது தாண்டிவிட்டது. பல வீடுகளில் இது அப்பா கடன் வாங்கி, கட்டி முடித்த முதல் கார். இந்த எஞ்சின் போனால் ஷோரூமில் போய்ப் புதிதாக வாங்க முடியாது. அந்தப் பொறுப்போடுதான் பேசுகிறேன்.

ஆயிலுக்கு என்ன வேலை? உராய்வைக் குறைப்பது ஒன்று, சூட்டைக் கடத்துவது இன்னொன்று. நாம் மறந்துபோகும் மூன்றாவது வேலை, அழுக்கைச் சுமப்பது. கரி, தேய்ந்த உலோகத் தூள், எரியாத பெட்ரோல் எல்லாவற்றையும் அது தன் மேல் ஏற்றிக்கொள்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். பழைய எஞ்சினில் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும். அந்த இடுக்கு வழியாக ஆவியில் ஒரு பகுதி ஆயில் சேம்பருக்குள் இறங்கும். நெடுந்தூரம் ஓடி ஆயில் நன்றாகச் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறும். வீட்டிலிருந்து மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து வீடு என்று ஓட்டினால் உள்ளேயே தங்கும், அமிலமாகும், கசடாகும்.

இந்த அழுக்கு வெளியேற வழி ஒன்றே ஒன்று: சேம்பருக்கு அடியில் இருக்கும் டிரெயின் நட். மேலே எதை ஊற்றினாலும் கீழே இருப்பது குறையாது. அழுக்கேறிய தண்ணீரில் சோப்பை மேலும் மேலும் கரைத்தால் துணி வெளுக்குமா? தண்ணீரை மாற்றினால்தானே வெளுக்கும்!

எதிரணி நண்பர், “ஆடிட்டிவ் என்பதே அறிவியல், அதை எதிர்க்கலாமா?” என்று கேட்டார். அறிவியலை நான் எதிர்க்கவில்லை. நீங்கள் வாங்கும் எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே அது இருக்கிறது. அழுக்கைக் கழுவும் டிடர்ஜென்ட், கரியைக் கட்டியாகச் சேர விடாமல் மிதக்க வைக்கும் டிஸ்பர்சன்ட், தேய்மானம் தடுக்கும் ஜிங்க்–பாஸ்பரஸ் சேர்மம், நுரை தடுக்கும் சிலிகான் என்று எல்லாவற்றையும் கம்பெனி அளவு பார்த்துக் கலந்து, சோதித்த பிறகே டப்பாவில் அடைக்கிறது. ஓட ஓட இவைதான் தீர்ந்துபோகின்றன. புது ஆயில் ஊற்றும்போது எல்லாம் சரியான அளவில் திரும்பக் கிடைக்கின்றன. இதைவிடச் சிறந்த ஆடிட்டிவ் எது நடுவர் அவர்களே?

“புகை தள்ளிய வண்டியில், பாட்டில் ஊற்றியதும் புகை நின்றுவிட்டதே” என்றார் இன்னொரு நண்பர். நிற்கலாம். புகை நிறுத்தும் பாட்டில்களில் பெரும்பாலும் இருப்பது ஆயிலைக் கெட்டியாக்கும் பாலிமர். கெட்டியான ஆயில் ரிங் இடுக்கில் ஏறுவது கொஞ்ச நாள் குறையும். ரிங் தேய்ந்தது தேய்ந்ததுதான். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது அந்தக் கெட்டி ஆயில் மேலே டேப்பட் வரை ஏறத் தாமதமாகும். தேய்மானம் அங்கே கூடும். நீலப் புகை வந்தால் எப்போது வருகிறது என்று பாருங்கள். இரவெல்லாம் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆனதும் மட்டும் குப்பென்று வந்தால் வால்வு சீலைச் சந்தேகியுங்கள். அது சின்ன ரப்பர் சாமான். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வந்தால் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். நோயைக் கண்டுபிடித்து வைத்தியம் செய்வதை விட்டு, அதை மறைத்து வைக்கலாமா?

“புது ஆயில்களில் ஜிங்க் குறைந்துவிட்டதே, பாட்டிலால் கூட்ட வேண்டாமா?” என்று அம்பாசடர் பிரியர் ஒருவர் எழுப்பிய கேள்வி நியாயமானது. அதற்கு மரியாதையோடு பதில் சொல்கிறேன். பழைய அம்பாசடர் எஞ்சினில் கேம் மேல் டேப்பட் உரசிக்கொண்டு ஓடும். அதற்கு நான் முன்பு சொன்ன ஜிங்க்–பாஸ்பரஸ் சேர்மம் தேவை. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெடுகிறது என்பதற்காக, 2004இல் வந்த ஏபிஐ எஸ்எம் என்ற ஆயில் தரத்திலிருந்து பாஸ்பரஸ் அளவைக் குறைத்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கட்டுப்பாடு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களுக்குத்தான். பழைய வண்டிக்கு ஊற்றும் 20டபிள்யூ-50க்கு அது பொருந்தாது. சரியான ஆயிலைத் தேர்ந்தெடுத்தாலே போதும். பாட்டிலால் ஜிங்க்கை அளவு தெரியாமல் கூட்டினால் அதுவும் கெடுதல்தான்.

விளம்பரத்தை நம்பியவர்களுக்கு ஒரு செய்தி. ‘ஸ்லிக் 50’ என்ற புகழ்பெற்ற ஆடிட்டிவ் இல்லாவிட்டால், ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் எஞ்சினுக்குப் பாதுகாப்பே இல்லை என்று அமெரிக்காவில் விளம்பரம் செய்தார்கள். 1996இல் அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையம் அந்த விளம்பரங்கள் பொய் என்று வழக்குத் தொடுத்தது. கையேட்டில் சொன்ன ஆயிலை ஊற்றினாலே பெரும்பாலான எஞ்சின்களுக்குப் போதுமான பாதுகாப்பு உண்டு என்பதே ஆணையத்தின் வாதம். அதைத்தான் எங்கள் அணியும் சொல்கிறது.

“இப்போதைய கார்கள் ஒரே ஆயிலில் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடுகின்றனவே, பழைய காருக்கு மட்டும் ஏன் ஐயாயிரம்?” என்றும் கேட்டார்கள். புது எஞ்சினில் பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து கொடுக்கிறது. ரிங் இறுக்கமாக இருக்கிறது. கார்புரேட்டர் வண்டியில் சோக் இழுத்தாலே அதிகப் பெட்ரோல் இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்கிறது. கிலோமீட்டர் மட்டும் கணக்கல்ல, மாதமும் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கும் வண்டி ஆண்டுக்கு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாது. அதன் ஆயிலும் கெடும். குறுகிய தூரம், தூசி, நெரிசல் இருந்தால் இடைவெளியைக் குறைக்கச் சொல்லிப் பெரும்பாலான கையேடுகள் தனியாகவே எழுதியிருக்கின்றன. பழைய வண்டிக்கு ஐயாயிரம் கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றாமல் விட்டால் என்ன ஆகும்? ஷெட்டில் டேப்பட் கவரைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஒழுங்காக மாற்றிய எஞ்சினில் உலோகம் தேன் நிறத்தில் தெரியும். மாற்றாத எஞ்சினில் ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் கறுப்புக் கசடு பாளமாக வரும். மேலே ஏறிய ஆயில் கீழே இறங்க வேண்டிய துளைகள் அடைத்திருக்கும். அந்தப் பாளம் உடைந்து ஸ்ட்ரெய்னர் வலையில் உட்கார்ந்தால், ஓடும் வண்டியில் ஆயில் பிரஷர் விளக்கு எரியும். அதற்குப் பிறகு பேரிங், கிராங்க், பெரிய செலவு. அப்படிப்பட்ட வண்டிக்கும் வலுவான ஃப்ளஷ் ஊற்றி ஒரேயடியாகக் கழுவாதீர்கள். புது ஆயிலும் ஃபில்ட்டரும் போட்டு, ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடி மாற்றுங்கள். கசடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியேறட்டும்.

செலவு என்றார்கள். ஒரு ஆடிட்டிவ் பாட்டில் விலையில் மாருதி 800க்கு ஆயில் ஃபில்ட்டர் வாங்கி மிச்சமும் வைக்கலாம். சுற்றுச்சூழல் என்றார்கள். கழிவு ஆயில் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவு. சாக்கடையில் ஊற்றாமல், மறுசுழற்சிக்கு முறையாக அனுப்பும் இடத்தில் கொடுப்பது நம் கடமை. பொறுப்பாகக் கையாளத்தான் வேண்டும். அதற்காக எஞ்சினுக்குள்ளேயே தேக்கி வைப்பது தீர்வாகாது.

ஆகவே நடுவர் அவர்களே, பழைய காரின் ஆயுளைக் காப்பது காலம் தவறாத ஆயில் மாற்றமே என்று தீர்ப்பு வழங்க வேண்டுகிறேன். அவையோரே, வீட்டுக்குப் போனதும் ஆயில் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து அளவு பாருங்கள். கடைசியாக எந்தத் தேதியில் மாற்றினீர்கள் என்று பில்லைத் தேடுங்கள். ஆறு மாதம் ஆகியிருந்தால் நாளைக்கே ஷெட்டுக்குப் போங்கள்.