பிள்ளைக்குப் பாடுகிற பாட்டு

(தோட்டத் தாய்மார் கூட்டமொன்றில் இளந்தாய் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



இசையும் குடும்பமும் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இசை என்றதும் வீணை, வயலின் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் லயத்தில் அதையெல்லாம் யாரும் வைத்திருந்ததில்லை. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்து, படங்கை அவிழ்த்து, கையைக் கழுவிப் பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டதும் தானாக வாயில் வருகிறதே, அந்தப் பாட்டைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

எங்கள் தாய் வீடு மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவ வீடு. வாழ்க்கைப்பட்டு வந்த வீடு முருகனைக் கும்பிடுகிற வீடு. வீட்டுக்காரர் கலியாணத்துக்கு முன்னமே ஞானஸ்நானம் வாங்கிவிட்டார். மாமாவும் மாமியும் அவர்கள் வழியிலேயே இருக்கிறார்கள். மாமா தப்படிக்கிறவர். அப்பாவிடம் பழகிய கை. ஆக, ஒரே கூரைக்குக் கீழே மாமியின் தாலாட்டு, எங்கள் கீர்த்தனை, மாமாவின் தப்பு என்று மூன்றும் இருக்கிறது. இது சண்டை பிடிக்கிற வீடு என்று நினைப்பீர்கள். சண்டை வந்ததுதான். அதைப் பிறகு சொல்கிறோம்.

முதலில் பிள்ளையின் காதைப் பற்றி. வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஆறாம் ஏழாம் மாதத்திலேயே காது கேட்கத் தொடங்கிவிடுகிறது. வெளியே இருந்து வருகிற சத்தம் அமுங்கித்தான் போகும். தாயின் குரல் மட்டும் உடம்பு வழியாகவே உள்ளே போகிறது. பிறந்து ஓரிரு நாளிலேயே மற்றப் பெண்களின் குரலில் இருந்து தாயின் குரலைப் பிள்ளை பிரித்து அறிகிறது என்று ஆராய்ந்து பார்த்தவர்கள் சொல்கிறார்கள். நம்ம கிழவிகளுக்கு இது எந்தப் புத்தகமும் சொல்லித் தெரிந்ததில்லை. மலையில் நிற்கும்போது வயிற்றைத் தடவிக்கொண்டு ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே கொழுந்து எடுப்பார்களாம். மாமி இன்றைக்கும் சொல்வார், "நம்ம சத்தம் அதுக்குத் தெரியணும் புள்ள, இல்லாட்டி வெளிய வந்து யாருன்னு கேக்கும்" என்று.

பாட்டுக்கு நேரமும் வேண்டுமே. ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுக்கிற தாய்க்கு, ஒன்பது மணி நேர வேலைக்குள் இரண்டு தடவை பால் கொடுக்க இடைவேளை உண்டு என்று மகப்பேற்று நன்மைகள் சட்டம் சொல்கிறது. பிள்ளைக்காம்பரா இருந்தால் ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரத்துக்குக் குறையக்கூடாது, இல்லாவிட்டால் ஒரு மணி நேரம். சாப்பாட்டு நேரத்தில் இதைக் கழிக்கவும் கூடாது. அதேபோல 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, எத்தனையாவது பிள்ளை என்று பாராமல் பேறுகால லீவு 12 கிழமை. முன்பு மூன்றாவது பிள்ளை என்றால் பாதியாகக் குறைத்துவிடுவார்கள். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கொழுந்து குறைந்துவிடும் என்ற பயத்தில் ஓட்டமாக வந்து, ஓட்டமாகப் பால் கொடுத்துவிட்டுப் போகிறோம். அந்த அரை மணி நேரம் நமக்குரியது. உட்கார்ந்து, மூச்சு வாங்கி, இரண்டு பாட்டுப் பாடிவிட்டுப் போகலாம்.

இனி மாமியின் தாலாட்டு. அதில் முருகன் வருவான், வள்ளி வருவாள், மாமன் தங்கத் தொட்டில் கொண்டு வருவான். கடல் தாண்டி வந்ததும், காட்டு வழியே நடந்ததும், வழியில் செத்துப்போனவர்களும் வருவார்கள். தூங்கப் போகிற பிள்ளையிடம் இவ்வளவு துக்கமா என்று எங்களுக்கே முதலில் தோன்றியது. கேட்டுக் கேட்டுத்தான் விளங்கியது. எழுதத் தெரியாத ஆட்கள் தங்கள் சரித்திரத்தை வேறு எங்கே வைப்பார்கள்? பிள்ளையின் காதில்தான் வைத்தார்கள். மலையகத்தின் மூத்த எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984) தோட்டம் தோட்டமாக இப்படிப்பட்ட பாட்டுகளைத் தேடிச் சேர்த்தார். அவர் சேர்க்காமல் விட்டிருந்தால் பாதி இன்றைக்கு மண்ணுக்குள் போயிருக்கும்.

ஞானஸ்நானம் வாங்கப்போகிற பிள்ளைக்கு முருகன் பாட்டா என்று எங்கள் பக்கத்து உறவுகள் சிலர் கேட்டார்கள். "அந்தப் பாட்டைப் பாடுகிறவர்தான் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து பிள்ளைக்கு வெந்நீர் வைக்கிறார்" என்று பதில் சொன்னோம். மாமியின் வாயை அடைத்துவிட்டு எந்த ஆண்டவருக்கு நாங்கள் நன்றி சொல்வது?

கோயில் பாட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோட்டங்களில் தமிழ்க் கூலி மிஷன் என்ற ஊழியம் 1854-இல் தொடங்கியது. அப்போது இங்கே தேயிலை இல்லை, கோப்பிக் காலம். உபதேசிமார் தோட்டம் தோட்டமாக நடந்தே போவார்கள். எழுத்துத் தெரியாதவர்களிடம் வேதத்தைக் கொண்டுபோவதற்குப் பாட்டைவிட நல்ல வாகனம் ஏது? கோயிலில் நாம் பாடுவதில் ஞானப்பாட்டு என்றும் கீர்த்தனை என்றும் இரண்டு வகை உண்டு. ஞானப்பாட்டு பெரும்பாலும் ஜெர்மன், இங்கிலீசு மெட்டில் வந்தது. கீர்த்தனை நம்முடைய ராகத்திலும் தாளத்திலும் பிறந்தது. கீர்த்தனை எழுதியவர்களில் பெரியவர் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). அவர் பெத்லகேம் குறவஞ்சி என்று ஒன்று எழுதினார். குறவஞ்சி என்பது அதுவரைக்கும் கோயில் சாமிகளையும் அரசர்களையும் பாடுகிற நாடகம். குறி சொல்ல வருகிற குறத்தியை அப்படியே கொண்டுபோய் கிறிஸ்துவின் ஊரில் நிறுத்திவிட்டார் மனிதர்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் மூத்தவனுக்கு ஞானஸ்நானம் வைத்தபோது மாமாவுக்கு ஒரே ஆசை, பேரனுக்குத் தப்படிக்க வேண்டும் என்று. நம்ம மலைக் குளிருக்கும் பனிக்கும் தப்புத் தோல் தொங்கிப் போகும். நெருப்புக் காட்டிச் சூடேற்றினால்தான் சத்தம் கணீரென்று வரும். மூன்று நாளைக்கு முன்னமே வைக்கோல் தேடி வைத்துவிட்டார். சபைப் பெரியவர்கள் சிலர் ஒத்துக்கொள்ளவில்லை. "தப்பு சாவுக்கு அடிக்கிறது, காமன் கூத்துக்கு அடிக்கிறது, ஆண்டவர் வீட்டு வாசலில் என்ன வேலை" என்றார்கள். அவர்கள் வாயால் சொல்லாத ஒன்றும் இருந்தது. தப்பை யார் அடிக்கிறார்கள், அவர்கள் என்ன சாதி என்ற நினைப்பு. கப்பலேறி வந்து இருநூறு வருடமாகியும் அது நம்மைவிட்டு இறங்கவில்லை.

மாமா ஒன்றும் பேசவில்லை. தப்பை ஆணியில் மாட்டிவிட்டுத் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் படுத்துவிட்டார். போதகர் ஐயா கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தார். இரண்டு பக்கமும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். லயத்தில் இருந்து கோயில் வாசல் வரைக்கும் அடிக்கலாம், உள்ளே வேண்டாம். அன்றைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் நடந்தோம், முன்னால் மாமா அடித்துக்கொண்டு போனார். லயத்துச் சனம் எல்லாம் இஸ்தோப்புக்கு வந்து பார்த்தது. வாசல் வந்ததும் நிறுத்திவிட்டார். "உள்ள வாங்க மாமா, தப்பை வச்சுட்டு வாங்க" என்றோம். "இதை எங்க வைக்கிறது" என்று கேட்டார். ஈர மண்ணில் வைக்க மனமில்லை. ஆராதனை முடிகிற வரைக்கும் தப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியிலேயே நின்றார். உள்ளே நாங்கள் ஸ்தோத்திரப் பாட்டுப் பாடினோம். பாடினோம் என்று சொல்வதுதான், தொண்டை அடைத்துக்கொண்டது.

அவருக்குத் தெரிந்த நன்றி அந்தத் தப்புத்தான். எங்களுக்குக் கீர்த்தனை போல அவருக்கு அது. மதுரையில் தியோபிலஸ் அப்பாவு என்ற போதகர், பறட்டை அண்ணன் என்று சொல்வார்கள், நாட்டுப்புற மெட்டுகளையும் பறையையும் ஆராதனைக்குள்ளேயே கொண்டுவந்தார். இறையியல் கல்லூரியில் படிப்பித்தவர், 2005-இல் காலமானார். அங்கே நடந்தது இங்கே ஏன் நடக்கக்கூடாது என்று எங்கள் வீட்டுக்காரர் சபைக் கூட்டத்தில் கேட்டார். இரண்டு வருடம் போனது. போன நத்தாருக்குக் கரோல் பாடி லயம் லயமாகப் போனபோது, அன்றைக்குத் தடுத்த பெரியவர்களில் ஒருவரே வந்து "அண்ணே, தப்பை எடுத்துட்டு வாங்க" என்று மாமாவைக் கூப்பிட்டார். உள்ளே இன்னும் விடவில்லை. நாங்களும் கேட்பதை விடவில்லை.

நன்றி என்று பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம்மைப் பார்த்துச் சில பேர் சொல்வார்கள், "காம்பரா இருக்கு, வேலை இருக்கு, நன்றியோட இரு, அதிகம் பேசாதே" என்று. வாயை மூடிக்கொண்டு இருப்பதற்குப் பெயர் நன்றி இல்லை. வேதத்தில் மரியாள் பாடிய பாட்டு இருக்கிறது, லூக்கா முதலாம் அதிகாரத்தில். அவளும் ஏழை வீட்டுப் பெண், இளந்தாய், பிள்ளை வயிற்றில் இருக்கிறபோது பாடுகிறாள். தன்னுடைய தாழ்ந்த நிலையைப் பார்த்த ஆண்டவருக்கு நன்றி என்று தொடங்குகிறாள். அப்படியே தொடர்ந்து, பெரிய இடத்தில் இருக்கிறவர்களை அவர் இறக்குகிறார், பசித்தவர்களை நிரப்புகிறார், பணக்காரரை வெறுங்கையோடு அனுப்புகிறார் என்றும் பாடுகிறாள். நன்றியும் நியாயமும் ஒரே மூச்சில் வருகிறது. கூரை ஒழுகுகிறது என்று சொல்கிற பெண் நன்றி கெட்டவள் ஆகமாட்டாள்.

நாங்கள் நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். 2022-இல் மாவு விலை ஏறியபோது, ரொட்டி சுட்டதும் "எனக்கு வயிறு சரியில்லை" என்று மாமி தள்ளி உட்காருவார். மூன்று மாதமாக ஒருவருக்கு வயிறு சரியில்லாமல் இருக்குமா? அந்த ரொட்டி எங்கள் தட்டுக்கு வந்தது, பாலாகிச் சின்னவனுக்குப் போனது. இதற்கெல்லாம் வாயைத் திறந்து நன்றி சொல்கிற பழக்கம் நம்ம வீடுகளில் இல்லை. சொன்னால் மாமிக்குக் கோபம்கூட வரும். அதனால் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாரும் உட்கார்ந்து ஒரு பாட்டு என்று வைத்திருக்கிறோம். ஒருநாள் எங்கள் பாட்டு, ஒருநாள் மாமியின் பாட்டு. எங்கள் பாட்டுக்கு மாமா தரையில் தாளம் போடுவார்.

கடைசியாகக் கைபேசி. பிள்ளை அழுதால் கையில் கொடுத்துவிடுகிறோம். நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டு வருகிற தாயைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனால் ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் திரை வேண்டவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லிவிட்டது. அந்தக் கைபேசிக்கு நாங்கள் வேறொரு வேலை கொடுத்திருக்கிறோம். மாமி பாடுகிறபோது பக்கத்தில் வைத்துப் பதிவு பண்ணுகிறோம். தெரிந்தால் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவார் என்று முதலில் மறைத்து வைத்தோம். இப்போது அவரே "அந்த டப்பாவை வச்சிட்டியா" என்று கேட்டுவிட்டுத்தான் தொண்டையைச் செருமுகிறார். இதுவரை ஒன்பது தாலாட்டும் இரண்டு ஒப்பாரியும் சேர்ந்திருக்கிறது.

உங்கள் லயத்திலும் பாடத் தெரிந்த பாட்டிமார் இருப்பார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளைக்காம்பராத் திறப்பைத் தருவதாக அக்கா சொல்லியிருக்கிறார். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களானாலும் பாட்டிமாரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், பதிவு பண்ணுவோம். தேத்தண்ணி எங்கள் செலவு. மாமாவும் வருகிறார். யாராவது கொஞ்சம் வைக்கோல் கொண்டுவந்தால் நல்லது.