சக்கரத்தின் மேல் ஒரு குளிர்காலம்



2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதத் தொடக்கத்தில் நானும் என் மனைவியும் இங்கிலாந்தின் டார்பி நகரில் வேலை பார்க்கும் எங்கள் மகனிடம் போய்ச் சேர்ந்தோம். ஆறு மாதம் தங்க அனுமதி. ஓய்வுபெற்ற தலைமையாசிரியனுக்கு ஒரு தொல்லை உண்டு. மணி அடிக்காத இடத்தில் அவனுக்குப் பொழுது நகராது. மகனும் மருமகளும் வேலைக்குப் புறப்பட்டுப் போனபின் நான் சன்னலருகே அமர்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தத் தெருவில் பார்க்கத் தகுந்ததாக ஒன்றுதான் இருந்தது. பக்கத்து வீட்டின் முன்னறையையே மறைத்துக்கொண்டு ஒரு பெரிய வெள்ளை வண்டி நின்றது.

அதை அங்கே மோட்டார் ஹோம் என்கிறார்கள். நான் என் வசதிக்காக வீட்டுவண்டி என்று பெயர் வைத்துக்கொண்டேன். சரக்கு வேனின் அடிச்சட்டத்தின்மேல் ஒரு சிறு வீட்டை எழுப்பி வைத்தாற்போன்றது அது. உள்ளே இரண்டு படுக்கை, எரிவாயு அடுப்பு, குளிர்ப்பெட்டி, வெந்நீர்க் கொதிகலன், குளிக்கவும் கழிக்கவும் ஒரு மூலை. நான் பதினான்கு ஆண்டு அமர்ந்திருந்த தலைமையாசிரியர் அறை இதைவிடச் சற்றே பெரிது; ஆனால் இத்தனை ஒழுங்காக ஒருநாளும் இருந்ததில்லை.

வண்டிக்கு உரியவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், வயது எழுபத்திரண்டு. அவர் மனைவியார் பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை பார்த்தவர். அந்த அம்மையாருக்கு மார்புச் சளியும் மூச்சிரைப்பும் உண்டு. முந்தின சனவரியில் பதினொரு நாள் மருத்துவமனையில் கிடந்தாராம். மருத்துவர் மருந்து கொடுக்கலாம். டார்பியின் குளிரை அவரால் மாற்ற முடியுமா? ஆகவே வரும் குளிர்காலத்தை ஸ்பெயின் நாட்டின் தென்கிழக்கே, அல்மேரியாக் கடற்கரையில் கழிப்பது என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். ஐரோப்பாவின் வடபகுதியில் ஓய்வூதியம் பெறும் முதியோர் பலர் இவ்வாறு ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் மொராக்கோவுக்கும் வீட்டுவண்டியில் போவது வழக்கம். வாடகை வீடு எடுக்கும் செலவில்லை; சொந்தப் படுக்கையில் படுக்கலாம்.

நவம்பர் மாத நடுவில் ஆயத்தங்கள் தொடங்கின. தபாலில் தவறிவந்த கடிதம் ஒன்றைக் கொடுக்கப் போன நான், அன்றே ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் உதவியாளாகிவிட்டேன். "ஹெட்மாஸ்டர், அதை இப்படிக் கொடுங்கள்" என்பார் அவர். முப்பத்தைந்து ஆண்டு பிறரை ஏவியவனுக்கு ஏவப்படுவதிலும் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

முதற் கவலை எடை. இதன் காரணத்தைக் கேட்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. 1997ஆம் ஆண்டு சனவரி முதல் நாளுக்கு முன் கார் ஓட்டத் தேர்வு பெற்ற பிரிட்டிஷார் 7,500 கிலோ எடையுள்ள வண்டி வரை ஓட்டலாம். ஆனால் எழுபது வயதில் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, 3,500 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியை ஓட்டும் உரிமை தொடரவேண்டுமாயின், மருத்துவச் சோதனைக்கு உட்படவேண்டும். நம் நண்பர் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர். அவர்களுக்கு விதிகள் இன்னும் கடுமை. எதற்கு வம்பு என்று அந்த உரிமையை விட்டுவிட்டார். எனவே 3,850 கிலோ என்று பதிவாகியிருந்த வண்டியை 3,500 கிலோ என்று குறைத்துப் பதிவு செய்துகொண்டார். வண்டியில் ஓர் ஆணிகூடக் குறையவில்லை. காகிதத்தில் மட்டும் 350 கிலோ குறைந்தது. அந்த 350 கிலோவையும் சாமான்களில்தான் குறைத்தாக வேண்டும்.

எல்லாவற்றையும் ஏற்றி, தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, இருவரும் உட்கார்ந்து, ஒரு எடைமேடைக்கு ஓட்டிப் போனார்கள். நானும் போனேன், ஆனால் என்னை இறக்கிவிட்டுத்தான் எடை பார்த்தார்கள். 3,640 கிலோ. 140 கிலோ அதிகம். எடை மீறினால் அபராதம் ஒருபுறமிருக்க, விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரர் கையை விரிக்க வழியுண்டு. டயருக்கும் தடைக்கும் ஏற்படும் பளு அதைவிடப் பெரிய பொருள்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டோம். தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பது நம் ஐந்தாம் வகுப்புப் பாடம். 100 லிட்டருக்குப் பதில் 20 லிட்டர் போதும், தங்குமிடத்தில் நிரப்பிக்கொள்ளலாம் என்றதும் 80 கிலோ போயிற்று. வண்டியின் பக்கவாட்டில் விரிக்கும் துணிக்கூடாரம் 28 கிலோ. கருவிப்பெட்டியில் பாதி, 14 கிலோ. அம்மையாரின் புத்தகங்கள் 12 கிலோ. டப்பாவில் அடைத்த இறைச்சி 9 கிலோ. அதை எப்படியும் கொண்டுபோக முடியாது. 2021 சனவரி முதல் பிரிட்டனிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியும் பாற்பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுசெல்லத் தடை இருந்தது. ஆக 143 கிலோ. மூன்று கிலோ மிச்சம்! கிறிஸ்துமஸ் விருந்தில் அந்த மூன்று கிலோவும் தம் வயிற்றில் ஏறிவிடும் என்று நண்பர் சொன்னார். பட்டியலில் பதினொரு கிலோவுக்கு ஒரு தையல் இயந்திரம் இருந்ததை நான் சுட்டிக்காட்டினேன். அம்மையார் என்னைப் பார்த்த பார்வையில், அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்தது எரிவாயு. இங்கே நான் செய்த பிழையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் வண்டிக்குள் அமர்ந்திருந்தபோது காலடியில் சில்லென்று காற்று வந்தது. குனிந்து பார்த்தேன். அடுப்புக்குக் கீழே தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துளை, மேலே கம்பிவலை. மார்புச் சளி உள்ள அம்மையார் குளிரில் நடுங்குவாரே என்று பழைய செய்தித்தாளைச் சுருட்டி அதை நன்றாக அடைத்துவிட்டேன். உபகாரம் செய்ததாக எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. மறுநாள் நண்பர் அந்தக் காகிதச் சுருளைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஹெட்மாஸ்டர், இந்த வாயு காற்றைவிடக் கனமா, லேசா?" என்று கேட்டார்.

நேயர்களே, புரோப்பேன் வாயு காற்றைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே போகாது, தண்ணீர்போல் தரையில் தேங்கும். அது வெளியே வடிவதற்குத்தான் அந்தத் துளை. இதைக் கரும்பலகையில் எத்தனை ஆண்டு எழுதிப் போட்டேனோ, எனக்கே தெரியாது! தேர்வில் தேறுவது வேறு, காலடியில் குளிர்காற்று வரும்போது அது நினைவுக்கு வருவது வேறு. அன்று மாலையே நண்பர் கரியோராக்சைடு வாயுவைக் கண்டு ஒலிக்கும் எச்சரிக்கை மணியின் பாட்டரியையும் மாற்றினார். நான் இன்னும் எதையாவது அடைத்துவிடுவேன் என்று அஞ்சினாரோ என்னவோ.

பியூட்டேனுக்கு இன்னொரு குணம். வெப்பநிலை சுழியத்தை நெருங்கினால் அது ஆவியாவதை நிறுத்திவிடும். புரோப்பேனோ சுழியத்துக்குக் கீழே 42 டிகிரி வரை ஆவியாகும். ஆகவே குளிர்காலப் பயணத்துக்குப் புரோப்பேன்தான். பிரிட்டனில் வாங்கிய சிலிண்டரை ஸ்பெயினில் கொடுத்து மாற்ற முடியாது. நாட்டுக்கு நாடு சிலிண்டரின் வாய் வேறு. அதனால் பெட்ரோல் நிலையத்தில் நிரப்பிக்கொள்ளும் நிலையான சிலிண்டர் இரண்டைப் பொருத்தினார். நிரப்பும் குழாயின் முனையும் ஊருக்கு ஊர் மாறுவதால் பித்தளை இணைப்புகள் சில வாங்கிவைத்தார். அந்தச் சிலிண்டரில் நூற்றுக்கு 80 பங்குதான் நிரம்பும். வெயிலில் திரவம் விரிவதற்கு மீதி இடம்.

மின்சாரத்தைப் பற்றி நண்பருக்கு இருந்த கவலை எனக்குப் பிறகுதான் விளங்கிற்று. இரண்டரை மாத இன்சுலின் குளிர்ப்பெட்டியில் இருக்கவேண்டும். கூரையில் படுக்கை வாட்டில் சூரிய மின்தகடு ஒன்று இருந்தது. டார்பியில் டிசம்பர் மாதத்தில் அது தூங்கிக்கொண்டிருந்தது. "ஸ்பெயினில் மட்டும் இது விழித்துக்கொள்ளுமா?" என்று கேட்டார். பூகோள ஆசிரியனிடம் கேட்கவேண்டிய கேள்வி! 90 டிகிரியிலிருந்து ஊரின் அட்சரேகையையும், பின் இருபத்துமூன்றரையையும் கழித்தால், டிசம்பர் 21ஆம் தேதி நண்பகலில் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பது வரும். டார்பி 53; எனவே பதின்மூன்றரை டிகிரி. அல்மேரியா 37, எனவே இருபத்தொன்பதரை. மேகமில்லாத நாளில்கூட அங்கே அந்தத் தகட்டின்மேல் விழும் ஒளி இருமடங்குக்கு மேல் இருக்கும், பகலும் நீளம். தாளில் படம் வரைந்து காட்டினேன். அதை அவர் வண்டியின் கதவில் ஒட்டிவைத்துக்கொண்டார். என் மாணவர் எவரும் எனக்கு அந்த மரியாதை செய்ததில்லை.

டயர், காப்பீடு, பூட்டு இவற்றையெல்லாம் விரிக்கமாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. ஓடாமல் நிற்கும் வண்டியின் டயர் தேயாமலே கிழடாகும். ஊர் திரும்பியதும் நம் வீட்டுக் காரின் டயரைப் பார்த்தேன், பார்க்காமலே இருந்திருக்கலாம்.

டிசம்பர் மாதத்தில் ஒரு மாலை தேநீருக்கு அழைத்திருந்தார்கள். அம்மையார் கப்பல் சீட்டை எடுத்துக் காட்டினார். போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் வண்டியோடு கப்பலேறி, 2025 சனவரி 10ஆம் தேதி ஸ்பெயினின் சந்தாந்தேர் துறைமுகத்தில் இறங்குவது. ஏப்ரல் 5ஆம் தேதி அங்கிருந்தே திரும்புவது. "மொத்தம் 86 நாள். சட்டம் 90 நாள் கொடுக்கிறது. நாலு நாள் கையிருப்பு" என்றார் நண்பர் பெருமிதத்தோடு.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தவரையில் அவர்களுடைய பாஸ்போர்ட்டைப் பார்த்து நாள் எண்ணுவார் எவருமில்லை. விலகியபின், 2021 முதல், அவர்களும் நம்மைப்போல் அயலார். ஷெங்கன் ஒப்பந்த நாடுகள் அனைத்துக்கும் சேர்த்து, எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்குமேல் இருக்கக்கூடாது. விசாவுக்காகப் பல படிவங்கள் நிரப்பிய அனுபவம் உள்ளவன் ஆகையால் இந்த விதி எனக்கு மனப்பாடம். ஆனால் அந்தக் கணத்தில் எனக்கு நினைவு வந்தது விதியன்று, முறுக்கு.

தீபாவளியன்று, அக்டோபர் 31ஆம் தேதி, என் மனைவி சுட்ட முறுக்கை ஒரு தட்டில் வைத்து அவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போனேன். வண்டியும் இல்லை, ஆட்களும் இல்லை. நவம்பர் 8ஆம் தேதிதான் திரும்பினார்கள். "தீபாவளிக்கு எங்கே போயிருந்தீர்கள்?" என்று கேட்டேன்.

"பிரான்சில் என் தங்கை இருக்கிறாள். அக்டோபர் 26ஆம் தேதி போனோம்" என்றார் அம்மையார்.

பதினான்கு நாள். அது வேறு பயணம், இது வேறு பயணம், நாடும் வேறு என்றார் நண்பர். அப்படியன்று. சுவரிலிருந்த நாட்காட்டியைக் கழற்றித் தரச் சொன்னேன். ஏப்ரல் 5ஆம் தேதியிலிருந்து 180 நாள் பின்னோக்கி எண்ணினால் அக்டோபர் 8ஆம் தேதி வருகிறது. பிரான்சில் இருந்த பதினான்கும் அதற்குள் அடங்கும். பதினான்கும் எண்பத்தாறும் நூறு. பத்து நாள் மீறல். மார்ச் 26ஆம் தேதியோடு அவர்கள் கணக்கு முடிந்துவிடும். மீறினால் அபராதமோ மறுபடி நுழையத் தடையோ வரலாம். அடுத்த குளிர்காலமும் போய்விடும்.

மூன்று முறை எண்ணினேன். என் கணக்கு தவறாக இருக்கவேண்டும் என்று நான் விரும்பியது என் வாழ்நாளில் அந்த ஒருமுறைதான். தேநீர் ஆறிப்போயிற்று.

பின்பு நண்பரும் நானும் வழி தேடினோம். சனவரி 20ஆம் தேதி போய் ஏப்ரல் 5ஆம் தேதி திரும்பினால் எழுபத்தாறு நாள், கணக்கு நேராகிவிடும். அல்லது அல்ஹெசிராஸ் துறைமுகத்திலிருந்து மொராக்கோவுக்குப் போய்விட்டால் அந்நாட்கள் இதில் சேரா. ஆனால் வண்டியின் காப்பீடு அங்கே செல்லாது. நாங்கள் அட்டவணை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மையார் மெல்ல இருமிவிட்டு, "போன வருஷம் என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தது சனவரி. மார்ச்சை நான் இங்கேயே சமாளித்துக்கொள்வேன்" என்றார். அவ்வளவுதான். மார்ச் 24ஆம் தேதிக்குத் திரும்பும் சீட்டு மாற்றப்பட்டது. இரண்டு நாளைக் கையிருப்பாக வைக்கச் சொன்னது நான். புயலில் கப்பல் தாமதமானால் விதி இரங்காது. சீட்டை மாற்றிய கட்டணத்தைச் செலுத்தும்போது நண்பரின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அன்று எல்லையில் முத்திரையைப் பார்த்து எண்ணினார்கள். 2025 அக்டோபர் 12 முதல் கைரேகையும் முகப்படமும் எடுத்து இயந்திரத்தில் பதியும் முறையும் தொடங்கிவிட்டது. இயந்திரத்துக்கு எண்ணத் தெரியாமற்போகாது.

சனவரி 8ஆம் தேதி காலையில் புறப்பட்டார்கள். கண்ணாடியெல்லாம் உறைபனி. வீட்டின் பிரதானக் குழாயை மூடி, தண்ணீரை வடித்து, வீடு காலியாயிருப்பதைக் காப்பீட்டுக்காரருக்குத் தெரிவித்து, சாவியை என் மகனிடம் கொடுத்தார்கள். அம்மையார் மூக்குவரை கம்பளி சுற்றிக்கொண்டு முன் இருக்கையில் அமர்ந்தார். வண்டி போனபின் எதிர்வீட்டுக் கதவின் நிறம் நீலம் என்று முதன்முறையாகக் கண்டேன்.

முதற் செய்தி பர்கோஸ் நகரிலிருந்து வந்தது. ஸ்பெயின் என்றால் வெயில் என்று நினைக்கிறோம். சந்தாந்தேரிலிருந்து தெற்கே போகும் வழி, கடல் மட்டத்துக்கு 850 மீட்டருக்கு மேலுள்ள பீடபூமியில் ஏறுகிறது. சனவரி இரவில் அங்கே தண்ணீர் உறையும். கொதிகலனில் ஒரு வால்வு உண்டு. வெப்பம் 3 டிகிரிக்கு இறங்கினால், உறைந்து வெடிக்காமலிருக்க அது தானே திறந்து தண்ணீரைக் கொட்டிவிடும். நண்பர் எரிவாயுவை மிச்சம் பிடிக்க இரவில் கணப்பை அணைத்திருக்கிறார். காலையில் வெந்நீருமில்லை, தேநீருமில்லை. வண்டி சூடேறும்வரை வால்வு மூடவும் மறுத்ததாம். அன்றிரவு முதல் கணப்பை அம்மையார் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டார்.

நாங்கள் மார்ச் மாத நடுவில் ஊர் திரும்பிவிட்டோம். அம்மாத இறுதியில் மகன் ஒரு புகைப்படம் அனுப்பினான். அம்மையார் கொடுத்தனுப்பியது. வண்டிக்குள் தொங்கிய நாட்காட்டி. சனவரி 10ஆம் தேதிக் கட்டத்தில் 15 என்று தொடங்கி, நாள்தோறும் ஒவ்வோர் எண்ணாக ஏறி, மார்ச் 24ஆம் தேதிக் கட்டத்தில் 88 என்று சிவப்பு மையில் எழுதி வட்டமிட்டிருந்தது. நாட்காட்டிக்குக் கீழே தையல் இயந்திரம், அதில் பாதி தைத்த ஒரு நீலச் சன்னல்திரை.