பூமி விழுந்துகொண்டேதான் இருக்கிறது
(நமது சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மேடையில் வழக்கமாக உபந்யாசம் நடக்கும், அல்லது டாக்டர் யாராவது சர்க்கரை வியாதி பற்றிப் பேசுவார். இந்தத் தடவை காரியதரிசி என்னைப் பிடித்து, "ஸார், நீங்கள் பி.எஸ்ஸி. பிஸிக்ஸ் ஆயிற்றே, சயன்ஸில் ஏதாவது சொல்லுங்கள்" என்றார். டிகிரி வாங்கி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதன் பிறகு சர்க்கார் ஆபீஸில் ஃபைல் பார்த்ததுதான் மிச்சம். ஆனால் சென்ற மாதம் என் பேத்தி கேட்ட கேள்வி, என்னை மறுபடி நோட்டும் பென்சிலும் எடுக்க வைத்தது.

ஒன்பதாவது படிக்கிறாள். "தாத்தா, சூரியன் பூமியை இழுக்கறதுன்னா, பூமி ஏன் அதுல போய் விழலை?" என்றாள்.

இதே கேள்வியை முப்பது வருஷத்துக்கு முன்னால் என் மகனும் கேட்டான். "ஃபார்முலாவை மனப்பாடம் பண்ணு, மார்க் வரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உண்மையைச் சொன்னால், ஃபார்முலா எனக்குத் தெரியும், அர்த்தம் தெரியாது. இந்த முறை தப்பித்துக்கொள்ள மனசு வரவில்லை. "உட்காரு, கணக்குப் போட்டுப் பார்க்கலாம்" என்றேன்.

முதலில் பூமியின் வேகம். சூரியனிலிருந்து நாம் இருக்கும் தூரம் சுமார் 15 கோடி கி.மீ. பாதையை வட்டம் என்றே வைத்துக்கொண்டால் சுற்றளவு 94 கோடி கி.மீ. சொச்சம். ஒரு வருஷத்துக்கு சுமார் 3 கோடியே 15 லட்சம் விநாடிகள். வகுத்தால் விநாடிக்கு ஏறக்குறைய 30 கி.மீ. வருகிறது. நாம் இங்கே அசையாமல் உட்கார்ந்திருப்பதாக நினைக்கிறோம்!

சூரியனின் இழுப்பு இல்லையென்றால் பூமி நேர்கோட்டில் போய்விடும். ஒரு விநாடியில் 30 கி.மீ. நேராகப் போனால், வட்டத்தை விட்டு எவ்வளவு விலகும்? பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் தேற்றமே போதும். 30-ஐ 30-ஆல் பெருக்கினால் 900. அதைச் சூரிய தூரத்தின் இரு மடங்கான 30 கோடியால் வகுக்க வேண்டும். விடை, வெறும் 3 மில்லிமீட்டர்! அவ்வளவுதான் பூமி ஒரு விநாடியில் சூரியனை நோக்கி விழுகிறது. ஆரம்பத்தில் அந்தத் திசையில் வேகம் பூஜ்யம் என்பதால், விநாடி முடிவில் கிடைக்கும் வேகம் அதன் இரு மடங்கு, 6 மி.மீ. விநாடிக்கு விநாடி சேரும் இந்த 6 மி.மீ. வேகத்தைத்தான் ஈர்ப்பு முடுக்கம் என்கிறோம். கை தவறி விழும் சொம்புக்கு அது 9.8 மீட்டர், 1,650 மடங்கு அதிகம்.

பிறகு 1687-ல் நியூட்டன் வெளியிட்ட விதிப்படி சரிபார்த்தோம். ஈர்ப்பு மாறிலியைச் சூரியனின் நிறையால் பெருக்கி, தூரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். நிறை எத்தனை கிலோ? 2 போட்டு, பக்கத்தில் 30 பூஜ்யம். நான் போட்டதில் 6 மி.மீ.க்குப் பதில் 6 கி.மீ. வந்தது! விதிமேலேயே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டேன். குழந்தை எட்டிப் பார்த்து, "தாத்தா, தூரத்தை மீட்டரா மாத்தவே இல்லையே" என்றாள். மாற்றினோம். 5.9 மி.மீ. வந்தது.

இரண்டு விடையும் ஒத்துப்போவது தற்செயல் அல்ல. சூரியனைத் தராசில் வைக்க முடியாது. பூமி எவ்வளவு விழுகிறது என்பதை வைத்துத்தான் அதன் நிறையையே கண்டுபிடித்தார்கள். அதற்கு வேண்டிய ஈர்ப்பு மாறிலி, 1798-ல் கேவண்டிஷ் ஈயக் குண்டுகளை வைத்துச் செய்த பரிசோதனையிலிருந்து கிடைத்தது. இன்னொரு விசேஷம், இந்தக் கணக்கில் பூமியின் நிறை வரவே இல்லை. அதே தூரத்தில் ஒரு கூழாங்கல் இருந்தாலும் அதே 6 மி.மீ.தான்.

தூரம் மாறினால் விடையும் மாறும். ஜனவரி முதல் வாரத்தில், அதாவது மார்கழிக் குளிரில், நாம் சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறோம். ஜூலையை விட அப்போது இழுப்பு சுமார் 7 சதவிகிதம் அதிகம். குளிருக்குக் காரணம் தூரம் அல்ல, பூமியின் சாய்வு.

பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். "பூமி விழுந்துண்டேதான் இருக்கு. ஆனா 3 மில்லிமீட்டர் விழறதுக்குள்ள 30 கிலோமீட்டர் பக்கவாட்டில ஓடிடறது. அதனால சுத்திண்டே இருக்கு. ஓட்டம் நின்னுபோனா, 65 நாள்ல சூரியனுக்குள்ள போயிடும்" என்றேன். அவள் சிரித்தாள். எனக்குத்தான் உடம்பு சிலிர்த்தது.

அன்று இரவு மகனிடம் ஃபோனில் இதைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "எனக்கும் அன்னிக்கே சொல்லியிருக்கலாமேப்பா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. என்னிடம்தான் பதில் இல்லை.

ஆகவே பெரியவர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றுதான். குழந்தைகள் கேள்வி கேட்டால், "தெரியாது, வா பார்க்கலாம்" என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். நமக்கு இப்போது நேரம் இருக்கிறது. பென்ஷனும் வருகிறது. ஒரு நோட்டும் பென்சிலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.