விளையாட்டின் நடுவே அறுபடும் இணையம்



தோட்டத்து வீடுகளில் இன்று அடிக்கடி எழும் ஒரு பூசலைப் பற்றிப் பேசப் போகிறோம். பையன் கைப்பேசியில் நண்பர்களோடு விளையாடிக்கொண்டிருக்கிறான். திடீரென்று இணையம் அறுந்துவிடுகிறது, அவன் கூச்சலிடுகிறான், தந்தை அதட்டுகிறார். சில நாள் கழித்து, கடைக்காரர் சொன்னார் என்று புதிய கருவி ஒன்று வீட்டிற்கு வருகிறது. பணம் போயிற்று, பழுதோ போகவில்லை!

விளையாட்டுக்கு நேர வரம்பு வேண்டும் என்பது வேறு பேச்சு. ஆனால் அதே இணைப்பில்தான் பிள்ளைகளின் பாடமும் வருகிறது. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டபோது இதை நாம் நன்கு உணர்ந்தோம். விளையாட்டைக் கெடுக்கும் பழுது படிப்பையும் கெடுக்கும். ஆகவே, அதைக் கண்டுபிடிக்கும் வழியை அறிந்துகொள்வது நல்லது.

“படம் பார்க்கும்போது அறுபடவில்லையே, விளையாடும்போது மட்டும் ஏன்?” என்று சிலர் கேட்பார்கள். படம் ஓடும்போது கைப்பேசி அடுத்து வரும் பகுதியை முன்கூட்டியே வாங்கிச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. இடையில் இரண்டு விநாடி இணைப்பு விட்டாலும் நமக்குத் தெரிவதில்லை. விளையாட்டில் அப்படிச் சேர்த்து வைக்க முடியாது. ஒவ்வொரு விநாடியும் பல சிறு செய்திகள் போய் வரவேண்டும். அவை உரிய நேரத்தில் வராவிட்டால் ஆட்டம் நின்றுவிடும்.

பால் மரத்திலிருந்து மங்குக்கும், மங்கிலிருந்து வாளிக்கும், வாளியிலிருந்து ஆலைக்கும் போகிறது. அளவு குறைந்தால், எந்த இடத்தில் சிந்தியது என்றுதானே தேடுவோம்? இணையத்திற்கும் மூன்று கட்டங்கள் உண்டு. கைப்பேசியிலிருந்து வீட்டிலுள்ள ரௌட்டர் வரை முதற் கட்டம். ரௌட்டரிலிருந்து நிறுவனத்தின் நிலையம் அல்லது கோபுரம் வரை இரண்டாம் கட்டம். அங்கிருந்து தொலைவிலுள்ள விளையாட்டுக் கணினி வரை மூன்றாம் கட்டம்.

முதலில், இணையம் அறுபடும்போது வீட்டிலுள்ள மற்றக் கைப்பேசிகளையும் பாருங்கள். ஒன்றில் மட்டும் அறுபட்டால் பழுது பெரும்பாலும் அந்தக் கைப்பேசியில்தான். எல்லாவற்றிலும் அறுபட்டால், ரௌட்டருக்குப் பக்கத்தில் நின்று விளையாடச் சொல்லுங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் முதற் கட்டத்தில்தான் குறை. ரௌட்டரை இரும்பு அலமாரிக்குள்ளோ தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னாலோ வைக்காமல், வீட்டின் நடுவில் உயரமாக வையுங்கள். உலோகம் அலைகளைத் தடுக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் செல்லும். ஆனால் மைக்ரோவேவ் அடுப்பும் அண்டை வீட்டு ரௌட்டர்களும் அதே அலையில் இயங்குவதால் நெரிசல் மிகுதி. 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் நெரிசல் குறைவு. ஆனால் சுவர்களைத் தாண்டினால் வலு குன்றும். பக்கத்து அறையில் விளையாடுகிறவருக்கு இதுவே ஏற்றது.

கணினி இருந்தால் ‘பிங்’ என்னும் கட்டளையால் சோதிக்கலாம். இது ஒரு செய்தியை அனுப்பி, பதில் வர எத்தனை மில்லிவிநாடி ஆகிறது என்று காட்டும். முதலில் ரௌட்டரின் எண்முகவரிக்கு அனுப்புங்கள். அது பெரும்பாலும் கருவியிலேயே ஒட்டப்பட்டிருக்கும். பிறகு வெளியே 8.8.8.8 என்னும் முகவரிக்கு அனுப்புங்கள். ரௌட்டரிடமிருந்தே பதில் தவறினால் குறை வீட்டுக்குள். அது சரியாக இருந்து வெளியிலிருந்து பதில் தவறினால் குறை வீட்டிற்கு அப்பால்.

ஒளியிழை இணைப்பாயின் விளக்குகளைக் கவனியுங்கள். எல்.ஓ.எஸ். என்னும் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். கம்பியை மடக்காதீர்கள், நிறுவனத்தை அழையுங்கள். சிம் அட்டையால் இயங்கும் ரௌட்டரைக் கோபுரம் இருக்கும் திசையிலுள்ள சன்னலோரம் வையுங்கள். தகரக் கூரை அலையைத் தடுக்கும். மாலையில் மட்டும் அறுபட்டால், பலர் ஒரே கோபுரத்தைப் பயன்படுத்தும் நெரிசலாக இருக்கலாம். இடி மின்னலின்போது கருவியின் மின்செருகியைக் கழற்றிவிடுங்கள்.

மூன்றாம் கட்டத்தில் நாம் செய்யக்கூடியது ஒன்றே: அருகிலுள்ள விளையாட்டுக் கணினியைத் தேர்ந்தெடுப்பது. ஒளியிழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். அமெரிக்காவின் மேற்குக் கரை 14,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், போய்வரவே 140 மில்லிவிநாடி வேண்டும். எவ்வளவு விலை கொடுத்து ரௌட்டர் வாங்கினாலும் இந்தத் தூரம் குறையாது. சிங்கப்பூரிலுள்ள கணினியோ மிக அருகில் இருக்கிறது.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் செய்யுங்கள். இல்லாவிட்டால் எது குணப்படுத்தியது என்று தெரியாது. இணையம் அறுபட்ட நாள், மணி, விளக்குகளின் நிறம் ஆகியவற்றைப் பிள்ளையே ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதி வரட்டும். முறையிடும்போது அந்தக் குறிப்பைப் படித்துக் காட்டி, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நிறுவனம் கவனிக்கவில்லையென்றால் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் முறையிடலாம். “அடிக்கடி விட்டுப் போகிறது” என்று மட்டும் சொல்வோரைத் தட்டிக்கழிப்பது எளிது. நாளும் மணியும் எழுதி வைத்திருப்பவருக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். கூச்சலிடாமல் காரணம் தேடவும், உரியதைக் கேட்டுப் பெறவும் பிள்ளை கற்றுக்கொண்டால், அதுவும் ஒரு கல்விதானே!