நூதனசாலைக்குச் செல்லுமுன்



2024ஆம் ஆண்டில் ஒருநாள் என் பாடசாலை மாணாக்கர் நாற்பதின்மரைக் கொழும்புத் தேசிய நூதனசாலைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். பொன்னும் வெள்ளியும் இழைத்து மாணிக்கக் கற்கள் பதித்த வெண்கலப் பீரங்கியொன்றின் முன்னே அவர்களை நிறுத்தி, அதன் வரலாற்றைச் சொன்னேன். 1745-46ஆம் ஆண்டளவில் லேவ்கே திசாவை என்னும் பிரதானி கண்டி மன்னனுக்குக் காணிக்கையாக அளித்த பீரங்கி அது. கண்டியரசின் சின்னங்களாகிய சூரியனும் பிறையும் சிங்கமும் அதன் மீது பொறிக்கப்பட்டுள்ளன. 1765ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் படையெடுத்துக் கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது அதனையும் எடுத்துச் சென்றனர். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஒல்லாந்தில் இருந்த அப் பீரங்கி, வேறு ஐந்து பொருள்களோடு 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே இலங்கைக்குத் திருப்பியளிக்கப்பட்டது.

இவ்வளவையும் சொல்லி முடித்ததும் மாணவியொருத்தி எழுந்து, "ஐயா, தாங்கள் முன்னர் ஆம்ஸ்டர்டாம் நகருக்குச் சென்று வந்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். அப்பொழுது இதனை அங்கே பார்த்தீர்களா?" என்று வினவினாள்.

"இல்லை, பிள்ளாய்" என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

நேயர்களே, அந்த மறுமொழியைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன். 2014ஆம் ஆண்டில் ஆசிரியர் குழுவொன்றோடு ஐரோப்பாவுக்குச் சென்றேன். ஆம்ஸ்டர்டாமிலுள்ள றைக்ஸ்மியூசியம் எனப்படும் ஒல்லாந்து தேசிய நூதனசாலையிலே எமக்கு இரண்டு மணித்தியாலங்கள் கிடைத்தன. அப் பீரங்கி அன்று அதே கட்டடத்தில்தான் இருந்தது. வகுப்பறையிலே ஒல்லாந்தர் காலத்தைப் பல்லாண்டுகளாகப் போதித்து வந்த நான், அதனைக் காணாமலே திரும்பினேன். கண்டவற்றையாவது கண்டேனோ என்றால் அதுவும் இல்லை. கையிலே கமராவோடு ஓடினேன். இருநூறுக்கு மேற்பட்ட படங்களைப் பிடித்தேன். ஊருக்கு வந்த பின், றெம்பிராண்ட் தீட்டிய பெரும் ஓவியத்தில் ஒளி எப்பக்கத்திலிருந்து விழுகின்றது என்று சக ஆசிரியர் கேட்டபோது, அந்தப் படங்களை எடுத்துப் பார்த்தே விடை கூறினேன். அங்கு நின்ற என் கண்கள் அதனைக் குறித்துக் கொள்ளவில்லை.

குற்றம் நேரக் குறைவினது என்று நெடுநாள் நினைத்திருந்தேன். பின்னர் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். றைக்ஸ்மியூசியத்தின் திரட்டிலுள்ள பொருள்கள் ஏறக்குறையப் பத்து இலட்சம். அவற்றுள் சுமார் 8,000 பொருள்கள் 80 கூடங்களிலே பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன. பொருளொன்றுக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் 133 மணித்தியாலங்கள் வேண்டும். காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை, உண்ணாமலும் உட்காராமலும் பார்த்தால், பதினேழு நாட்கள் செல்லும். எனவே எல்லாவற்றையும் பார்ப்பதென்பது எவர்க்கும் இயலாத காரியம். எவற்றைப் பார்ப்பது என்பதைக் காட்டிலும் எவற்றை விட்டுவிடுவது என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பதுதான் திட்டமிடுதலாகும். அத் தீர்மானத்தை நாம் செய்யாவிடின், கூட்டமும் கடிகாரமும் நமக்காகச் செய்துவிடும். 2014இல் எனக்கு நேர்ந்தது அதுவே.

அடுத்த ஆண்டு நான் ஓய்வு பெற்றதும், ஒல்லாந்திலே வாழும் உறவினர் வீட்டுக்குச் செல்ல இருக்கின்றேன். அப்பொழுது மீண்டும் அந்த நூதனசாலைக்குச் செல்வேன். அதற்கென நான் வகுத்துள்ள திட்டத்தை உங்களுக்குச் சொல்கின்றேன். ஐரோப்பாவிலுள்ள எந்தப் பெரிய கலைக்கூடத்துக்குச் செல்வோர்க்கும் இது பயன்படக்கூடும்.

முதலிலே வெளிக்காரியங்கள். இலங்கையர் ஒல்லாந்துக்குச் செல்வதற்குச் செங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்னிருந்தே விண்ணப்பிக்கலாம். நூதனசாலைக்கான அனுமதிச் சீட்டினை இணையத்தளத்தின் வாயிலாக, உட்செல்லும் நேரத்தைக் குறித்து, முன்னதாகவே பெற்றுக்கொள்ளல் வேண்டும். பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை. நான் காலை ஒன்பது மணிச் சீட்டையே எடுப்பேன். கதவு திறக்கும் வேளையில் கூடங்களும் அமைதியாயிருக்கும்; ஐம்பது கடந்தவனுடைய முழங்கால்களும் அமைதியாயிருக்கும். கட்டடத்தின் நடுவே ஊடறுத்துச் செல்லும் பாதையிலிருந்தே நுழைவாயில் அமைந்துள்ளது. அப் பாதையில் துவிச்சக்கரவண்டிகள் விரைந்து செல்வன. மேல்விதானத்தை வியந்து பார்த்தபடி நடப்போர் கவனமாயிருத்தல் வேண்டும். பெரிய பைகளை உள்ளே கொண்டு செல்ல விடார். பழகிய சப்பாத்தே அணிக. புதியதை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்க.

அடுத்தது, கட்டடத்தின் அமைப்பினை அறிந்து கொள்ளுதல். கியூப்பர்ஸ் என்னும் சிற்பி அமைத்த இம் மாளிகை 1885ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பத்தாண்டுக் காலம் திருத்தியமைக்கப்பட்டு 2013ஆம் ஆண்டு ஏப்ரலிலே மீண்டும் திறக்கப்பட்டது. நிலத்தளத்திலே மத்திய காலம்; முதலாம் மாடியிலே பதினெட்டாம் பத்தொன்பதாம் நூற்றாண்டுகள்; இரண்டாம் மாடியிலே ஒல்லாந்தின் பொற்காலம் என்று சொல்லப்படும் பதினேழாம் நூற்றாண்டு; மூன்றாம் மாடியிலே இருபதாம் நூற்றாண்டு. இதனை அறிந்தவன் படிகளில் வீணாக ஏறி இறங்கமாட்டான்.

இனி, நான் தெரிந்தெடுத்தவற்றைச் சொல்கின்றேன். ஒரு முழு நாளுக்கு நான்கே பொருள்கள்.

முதலாவது, றெம்பிராண்டின் 'இராக்காவல்'. 1642ஆம் ஆண்டில் முடிக்கப்பட்ட இவ்வோவியம் ஏறக்குறைய மூன்றே முக்கால் மீற்றர் உயரமும் நாலரை மீற்றர் அகலமும் உடையது. பெயர் இராக்காவலாயினும் இதில் வரையப்பட்டது பகற்காட்சியே; மேலே பூசிய வார்னிஷ் காலப்போக்கில் கறுத்துப்போனமையால் இப் பெயர் பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்டது. 1715ஆம் ஆண்டில் இதனை நகர மண்டபத்துக்கு மாற்றியபோது, அங்குள்ள இடத்துக்குப் பொருந்தும்பொருட்டு நாற்புறமும் வெட்டிவிட்டனர். 2019ஆம் ஆண்டு யூலை மாதத்திலே இதனைப் பற்றிய பெரியதோர் ஆராய்ச்சி தொடங்கிற்று. 2024 நவம்பரில் பழைய வார்னிஷை அகற்றும் வேலை, கண்ணாடி அறையினுள்ளே, பார்ப்போர் கண்முன்னாகவே ஆரம்பமாயிற்று. ஆகவே நாடிச் செல்லும் பொருள் எந்நிலையில் உள்ளது என்பதைப் புறப்படுமுன் விசாரித்தறிதல் நன்று.

இரண்டாவது, வெர்மீர் தீட்டிய 'பால் வார்க்கும் பெண்'. இது அரை மீற்றர் உயரமும் இல்லாத சிறிய படம். பணிப்பெண்ணொருத்தி பாத்திரமொன்றில் பால் வார்க்கின்றாள், வேறொன்றும் நிகழவில்லை. அவளுக்குப் பின்னே உள்ள வெற்றுச் சுவரிலே ஓர் ஆணியையும் ஆணி பிடுங்கிய துளைகளையும் கூட வெர்மீர் தீட்டியுள்ளார். அந்தச் சுவர் முதலில் வெறுமையாயிருக்கவில்லை என்பதை 2022ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். குடங்களை மாட்டும் பலகையொன்றை அவ்விடத்தில் வரையத் தொடங்கிய ஓவியர், பின்னர் அதனைத் தாமே மறைத்துவிட்டார். எதனை விட்டுவிடுவது என்று அறிந்தமையாலேயே அப் பெண்ணும் அவள் வார்க்கும் பாலும் நம் கண்ணில் நிலைக்கின்றன. பார்ப்பவர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு.

மூன்றாவது, 'யூத மணமகள்' என வழங்கும் றெம்பிராண்டின் முதுமைக்கால ஓவியம். இதனோடு ஒரு செய்தி இணைந்துள்ளது. 1885ஆம் ஆண்டில் நூதனசாலை திறந்து சில மாதங்களுள் வின்சென்ற் வான் கோ தம் நண்பர் ஒருவருடன் அங்கு சென்றார். இவ்வோவியத்தின் முன் அமர்ந்தவர் எழுந்திருக்க மறுத்துவிட்டார். நண்பர் மற்றக் கூடங்களையெல்லாம் சுற்றிவந்து பார்த்தபோதும் அவர் அவ்விடத்திலேயே இருந்தாராம். உலர்ந்த ரொட்டித் துண்டொன்றை மட்டும் உணவாகக் கொண்டு இரண்டு வாரங்கள் இதன் முன் இருக்க முடியுமாயின், தம் வாழ்நாளில் பத்து ஆண்டுகளைக் கொடுத்துவிடலாம் என்ற கருத்துப்படக் கூறினாராம். அன்று அதிகம் பார்த்தவர் நண்பராயிருக்கலாம். நன்றாகப் பார்த்தவர் யார் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

நான்காவது, ஆசியக் கலைப் பகுதியிலுள்ள நடராசர் திருவுருவம். தமிழ் நேயர்கள் இதனைக் கேட்டு வியக்கலாம். கி.பி. 1100ஆம் ஆண்டளவில் சோழ நாட்டிலே வார்க்கப்பட்ட இவ்வுருவம் 153 சென்ரிமீற்றர் உயரமும் ஏறக்குறைய 300 கிலோகிராம் நிறையும் உடையது. உள்ளே வெற்றிடமின்றி முழுவதும் உலோகமாக வார்க்கப்பட்டது என்பதனை ஊடுகதிர்ப் பரிசோதனையால் அறிந்துள்ளனர். கோயிலிலே நாம் இத்தகைய திருமேனியைப் பட்டும் பூமாலையும் சூடிய நிலையிலே, தீபத்தின் ஒளியில், சில கணங்களே காண்கின்றோம். அங்கோ, தூக்கிய திருவடியின் விரல் வரை யாவற்றையும் எவ்வளவு நேரமும் காணலாம். ஆனால் தீபமும் இல்லை, தேவாரமும் இல்லை. கலையைக் காண்கின்றோமா, கடவுளைக் காண்கின்றோமா, ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றை இழந்துவிட்டோமா என்ற கேள்விகளோடு நான் அங்கு நிற்பேன். எந்தக் கோயிலிலே எழுந்தருளியிருந்தவர், எவ்வழியாக இங்கு வந்தார் என்ற கேள்வியும் உடன் இருக்கும். 2014இல் நான் ஆசியப் பகுதிக்குப் போகவேயில்லை.

இந் நான்குக்காக நான் விட்டுவிடுபவை யாவை? நீல வண்ண டெல்வ் பீங்கான்கள், கப்பல் மாதிரிகள், செல்வச் சீமாட்டியொருத்தி பெரும் பொருள் செலவிட்டுச் செய்வித்த பொம்மை வீடு, வான் கோவின் சுயவுருவ ஓவியம். ஒவ்வொன்றின் பெயரையும் தாளில் எழுதிக் கோடிட்டு அடித்தபோது மனம் நொந்தது உண்மை. ஆயினும், அந்த வருத்தமில்லாமல் செய்த திட்டம் திட்டமாகாது என்பதை நான் இப்பொழுது அறிவேன்.

வீட்டிலேயே செய்யத்தக்க ஆயத்தம் ஒன்றுண்டு. றைக்ஸ்மியூசியம் தன் ஓவியங்களின் தெளிவான படங்களை 2012ஆம் ஆண்டு தொடக்கம் இணையத்தளத்திலே இலவசமாக அளித்து வருகின்றது. 2022 சனவரியில் வெளியிட்ட இராக்காவல் படத்திலே 71,700 கோடி நுண்புள்ளிகள் உள்ளன. தூரிகையின் மயிர்க்கோட்டையும் அதிலே காணலாம். இவ்வளவு நெருங்கிப் பார்க்க அங்கு சென்றாலும் இயலாது. அவ்வாறாயின் ஏன் செல்லவேண்டும் என்று கேட்பீர்கள். ஒரு படத்தின் உண்மையான அளவினைத் திரை காட்டுவதில்லை. நாலரை மீற்றர் அகலமுள்ளதும் அரை மீற்றர்கூட இல்லாததும் திரையிலே ஒரே அளவினவாய்த் தோன்றும். நம்முடைய உடல் அதன் முன்னே நிற்கும்போதுதான் எது நம்மை விழுங்க வருகின்றது, எது நம்மை அருகே அழைக்கின்றது என்பது புலனாகும். ஆதலால் விவரங்களை வீட்டிலே கற்றுக்கொண்டு, அங்கே வெறுமனே பார்க்கச் செல்வேன்.

கமராவை விடுதியிலே வைத்துவிட்டு ஒரு பென்சிலும் சிறு கொப்பியும் கொண்டு செல்வேன். பார்வையாளர் வரைந்து பழகுவதை 2015ஆம் ஆண்டு தொடக்கம் அந் நூதனசாலையே ஊக்குவித்து வந்துள்ளது. எனக்குச் சித்திரம் வராது. ஆயினும், ஒரு கையை வரைய முயல்பவன் அக் கையை உற்றுநோக்கியே தீரவேண்டும். படம் கோணலாகலாம், பார்வை நேராகும்.

இம் முறையை நான் ஏற்கெனவே பரீட்சித்துப் பார்த்துள்ளேன். அம் மாணவியின் கேள்விக்கு "இல்லை" என்று மறுமொழி சொன்ன அன்று, எஞ்சிய கூடங்களைக் காட்டும் எண்ணத்தைக் கைவிட்டேன். பிள்ளைகள் பீரங்கியைச் சூழ்ந்து நின்று அரைமணி நேரம் பார்த்தனர், கொப்பியிலே வரைந்தனர். சூரியனையும் பிறையையும் நான் சொல்லிக் காட்டியதிலும் தெளிவாகத் தாமே கண்டு வரைந்தனர். கொழும்பு நூதனசாலை 1877ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. அயல்நாட்டுக்குச் செல்ல வசதியற்றவர்க்கும் அது திறந்தே இருக்கின்றது. வெளியூர்ப் பயணத்துக்கு ஆயத்தமாவோர் முதலில் அங்கே ஒரு பொருளைத் தெரிந்தெடுத்துக் கால்மணி நேரம் பார்த்துப் பழகுவாராக. ஒன்றை அவ்வாறு பார்க்கத் தெரிந்தவர்க்கு ஆம்ஸ்டர்டாமும் பாரிசும் பயன் தரும்.

என் திட்டத்திலே கடைசியாக ஒரு நிறுத்தம் இருக்கின்றது. நான்கு பொருள்களையும் பார்த்த பின், வெளியேறுமுன், பதினெட்டாம் நூற்றாண்டுப் பகுதிக்குச் சென்று சிறிது நேரம் நிற்பேன். கண்டிப் பீரங்கி இருந்த இடத்தில் இன்று வேறு பொருள் இருக்கலாம். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். அங்கிருந்த காலத்தில் நான் அதனைக் காணாது போனேன். அது எம் நாட்டுக்குத் திரும்பி வந்து, என் மாணவியின் வாயிலாக என்னைக் கேள்வி கேட்டது. திரும்பி வந்ததும் அவளிடம் சொல்ல என்னிடம் அப்பொழுது ஒரு விடை இருக்கும் என்று நம்புகின்றேன்.