ஆலங்குடி டிவியை 4கே திரையில் தேடிய கதை

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல பாதி ஒரே கேள்விதான்: "பழைய கேமை புது டிவியில போட்டா ஏன் அசிங்கமா இருக்கு? எந்த சிஆர்டி ஷேடர் போடணும்?" இதுக்கு என் வீட்டுக் கதையிலிருந்தே பதில் சொல்றேன்.

எங்க ஊர் புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடி பக்கம். 2006 தேர்தலுக்கு அப்புறம் அரசு கொடுத்த இலவச கலர் டிவி ஞாபகம் இருக்கா? 14 இன்ச், பின்னாடி பெருசா முதுகு வச்ச படக்குழாய் டிவி. அதுலதான் நானும் அண்ணனும் கான்ட்ரா ஆடினோம். கூட இருந்தது மஞ்சள் கேசட் போடுற 'டிவி கேம்'. அது நின்டெண்டோ மாதிரியே செஞ்ச நகல்னு ரொம்ப நாள் கழிச்சுதான் தெரிஞ்சது.

2018 நவம்பர்ல கஜா புயல். கூரை ஓடு பறந்தது, டிவி நனைஞ்சது. தென்னை போன வீட்டுல டிவியைப் பத்தி யார் பேசுவாங்க? அண்ணன் அடுத்த வருஷமே சிங்கப்பூர் போயிட்டான். இந்தப் பொங்கலுக்கு லீவுல வர்றான்னு தெரிஞ்சதும், அந்தப் படத்தை அப்படியே திருப்பிக் கொண்டுவரணும்னு உட்கார்ந்தேன்.

முதல்ல ஒரு விஷயம். படக்குழாய் டிவியில சதுரப் புள்ளியே தெரியாது. எலெக்ட்ரான் கற்றை வரி வரியா வரையும், ஓரங்கள் கலந்துடும். அப்போ கேம் வரைஞ்சவங்க அந்தக் கலக்கத்தைக் கணக்குல வச்சே வரைஞ்சாங்க. எல்சிடி அதை மறைக்காம காட்டுது. ஷேடர் அந்தக் கலக்கத்தைத் திரும்பக் கணக்குப் போட்டுத் தருது.

ப்ரீசெட் தேர்ந்தெடுக்க நான் பார்த்த வரிசை இது.

முதல்ல திரை. அந்த கேமோட படம் 240 வரி. 4கே திரையில 2160 வரி, சரியா ஒன்பது மடங்கு. 1080ல நாலரை மடங்கு வரும். அந்த அரையாலதான் ஒரு வரி தடிமனா, அடுத்தது ஒல்லியா தெரியும். அதனால 1080 திரைக்காரங்க ரெட்ரோஆர்க்ல 'இன்டீஜர் ஸ்கேல்' போட்டு நாலு மடங்கோட நிறுத்துங்க. மேலயும் கீழயும் கறுப்பு விழும், பரவாயில்லை. வளைவு எஃபெக்டையும் அணைச்சிடுங்க, இல்லாட்டி அலை அலையா கோடு வரும்.

ரெண்டாவது மெஷின். போன், பழைய லேப்டாப்னா 'இசட்ஃபாஸ்ட்' இல்ல 'ஈஸிமோட்' போதும். நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தா 'சிஆர்டி ராயல்', 'கெஸ்ட் அட்வான்ஸ்டு' பக்கம் போங்க.

மூணாவது வெளிச்சம். கறுப்பு வரியும் மாஸ்க்கும் சேர்ந்து படத்தை மங்கலாக்கும். டிவியில பேக்லைட்டை ஏத்துங்க, ஷார்ப்னஸை இறக்குங்க, கேம் மோட் போடுங்க. அப்புறம் மூக்கை ஒட்டிப் பார்க்காம, உட்கார்ந்து ஆடுற தூரத்துல இருந்து பாருங்க. முடிவு அங்கிருந்துதான்.

நாலாவது, உங்க நினைவுல இருக்கிற டிவி எது? யூடியூப்ல எல்லாரும் காட்டுறது சோனி டிரினிட்ரான், தெளிவான செங்குத்துக் கோடு. எங்க வீட்டுல இருந்தது மஞ்சள் வயர்ல வந்த கசங்கின படம். அதனால நான் சுத்தமான ப்ரீசெட்டை விட்டுட்டு, கொஞ்சம் நிறம் வழியிற கம்போசிட் ப்ரீசெட் எடுத்தேன். இந்திய டிவி பால் முறை, அமெரிக்கா என்டிஎஸ்சி. 'என்டிஎஸ்சி'ன்னு பேர் போட்ட ப்ரீசெட்ல ஓரத்துல வானவில் ஊரும், நம்ம வீட்டுல அது அப்படி இருந்ததில்ல.

அண்ணன் வந்தான். ராத்திரி சாப்பாடு முடிஞ்சு ஆன் பண்ணினேன். படத்தைப் பார்த்து, "டேய், அதே மாதிரியே இருக்குடா"ன்னான். ரெண்டு நிமிஷம் ஆடினான். செத்தான். திரும்ப ஆடினான். "படம் சரி. ஆனா ஏன்டா இவ்வளவு வேகமா ஓடுது? நான்தான் மறந்துட்டேனா?"

எனக்கு அப்பதான் உறைச்சது. பால் டிவிக்குச் செஞ்ச அந்த நகல் மெஷின்கள் பலவும் விநாடிக்கு 50 ஃப்ரேம்தான் ஓடும். அசல் 60. அதாவது நாம ஆடினது ஆறுல அஞ்சு பங்கு வேகத்துல. பாட்டும் மெதுவாத்தான் கேட்டிருக்கும். நான் மூணு வாரம் நிறத்தையே துரத்திட்டு இருந்திருக்கேன்.

எஃப்சிஇயூஎம்எம் கோர்ல ரீஜன் ஆப்ஷனை 'டெண்டி'க்கு மாத்தினேன். டிவியையும் 50 ஹெர்ட்ஸுக்கு வச்சேன், இல்லேன்னா படம் தட்டித் தட்டி ஓடும். கன்ட்ரோலரைக் கையில கொடுத்தேன். அண்ணன் ஒண்ணும் பேசல. முதல் ஸ்டேஜ் முடியிற வரைக்கும் அவன் விரல் எங்கேயும் தடுமாறல. அப்புறம் ரெண்டாவது கன்ட்ரோலரை என் பக்கம் தள்ளினான்.

அதனால ஷேடர் தேடுறதுக்கு முன்னாடி, வேகத்தைச் சரிபாருங்க மக்களே. கண்ணு ஏமாறும், விரல் ஏமாறாது. உங்க வீட்டுல எந்த டிவி இருந்துச்சு, யாரோட ஆடினீங்க? வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.