நோயாளியைப் பார்க்கிறவரை யார் பார்ப்பது?



பக்கவாதம் வந்து படுத்துவிட்டவரை இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வைத்துவிடும். இதை நாங்கள் வீடு வீடாகச் சொல்லி வருகிறோம். ராத்திரியிலும் மாமியாரைப் புரட்டுகிற மருமகள் எப்போது தூங்குகிறாள் என்று கேட்டோமா? கேட்கவில்லை. தப்பு எங்கள் பேரிலும் இருக்கிறது.

2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியதிலிருந்து படுக்கையில் இருப்பவரைத் தேடி வீட்டுக்கே ஆள் வருகிறது. பக்கத்தில் நிற்கிற மருமகளுக்கோ இடுப்பு வலி, தூக்கமின்மை, எரிச்சல். "கிழவி போய்ச் சேர்ந்தா தேவலை"ன்னு ஒரு நிமிஷம் மனசில் வந்துவிடும். அப்புறம், ஐயோ இப்படி நினைச்சுட்டேனே என்று ஒரு வாரம் அழுகை. இது கெட்ட குணம் இல்லை, அம்மா. அலுப்பு.

இனி செவிலியம்மாவோடு கலைச் சிகிச்சை படிக்கிற மாணவி ஒருவரும் உங்கள் வீட்டுக்கு வரலாம். படம் போட்டால் மனசு தேறுமா என்று சிரிக்காதீர்கள். இங்கிலாந்தில் ஏட்ரியன் ஹில் என்ற ஓவியர் 1938-ல் காசநோய் மருத்துவமனையில் கிடந்தபோது படம் வரைந்துதான் மனம் தேறினார். மற்ற நோயாளிகளையும் வரைய வைத்தார். கலைச் சிகிச்சை என்ற பேரை 1942-ல் வைத்தவரும் அவரே.

மாணவி உங்களுக்கு ஓவியம் கற்றுக்கொடுக்க வரவில்லை. காகிதமும் கலரும் தருவார். கோடு கோணினால் கோணட்டும், மார்க்கு கிடையாது. வாயால் சொல்லக் கூசுவது சில சமயம் கையில் வரும். அதைத் தெருவில் போய்ச் சொல்லமாட்டார். உயிருக்கு ஆபத்தான எண்ணம் தெரிந்தால் மட்டும், தம்மை மேற்பார்க்கும் பழகின சிகிச்சையாளரிடம் சொல்வார். டாக்டர் தந்த மாத்திரையை இதற்காக நிறுத்தக் கூடாது. ராத்திரியில் மனம் தாங்காமல் போனால் 14416-க்குப் போன் செய்யுங்கள். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

இப்போது ஆண்களுக்கு. உங்கள் மனைவி உட்கார்ந்து வரைகிற அந்த ஒரு மணி நேரம் கட்டிலருகே யார் இருப்பது? பெற்றவள் உங்களுக்குத்தானே! டீக்கடைக்குப் போய்விடாதீர்கள். தாயைப் புரட்டும்போது இழுக்கக் கூடாது, தோல் உரியும். தோளிலும் இடுப்பிலும் கைகொடுத்து உருட்ட வேண்டும். கஞ்சியைப் படுத்த வாக்கில் ஊட்டாதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். முதல் தரம் செவிலியம்மா கூட நின்று காட்டுவார்.